சண்டையை நிறுத்திப் போட்ட தடுப்பூசி



போர் நடக்கிற நாட்டில் பச்சைப்பிள்ளைக்கு யார் ஊசி போடுவார்கள் என்று கேட்பீர்கள். போட்டார்கள். நடு அமெரிக்காவில் எல் சால்வடார் என்று ஒரு சின்ன நாடு. அங்கே உள்நாட்டுப் போர். 1985-இல் யுனிசெஃபும் கத்தோலிக்கத் திருச்சபையும் இரு தரப்பாரிடமும் பேசி, பிள்ளைகளுக்காகத் துப்பாக்கியைக் கீழே வைக்கச் செய்தார்கள். இளம்பிள்ளை வாதம், தட்டம்மை, தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி இவற்றுக்குத் தடுப்பு மருந்து கொடுத்தார்கள். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் என்று மாதம் ஒரு நாள். ஏன் மூன்று நாள்? ஒரே தவணையில் உடம்புக்கு முழுப் பலம் வராது. அதற்காகத்தான் மூன்று முறை சண்டையை நிறுத்தினார்கள்.

பக்கத்து இலங்கையிலும் 1990-களில் போலியோ சொட்டு மருந்துக்காகச் சண்டை ஓய்ந்த நாட்கள் உண்டு.

இங்கே ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் குண்டு விழவில்லை. ஆனாலும் தவணை தள்ளிப்போகுது. "மில்லுல ஷிப்டு மாறிருச்சு", "ஆடிப்பூரத் தேர் முடியட்டும்." (தேருக்கு நானும்தான் போவேன். தேர் ஒரு நாள்தானே!) அம்மாவுக்கு வேலை என்றால் அப்பா தூக்கிட்டு வரலாமே.

பிறந்தவுடன், பிறகு 6, 10, 14-ஆவது வாரம், 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை ஊசி. ஊசி போட்ட இரவு லேசாகக் காய்ச்சல் வரலாம், ஓரிரு நாளில் போய்விடும். சாதாரணச் சளிக்காக ஊசியைத் தள்ள வேண்டாம்.

ஒரு தவணை விட்டுப்போச்சா? முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து போடலாம். அட்டையை எடுத்துக்கிட்டு துணை சுகாதார நிலையத்துக்கு வாங்க.