ஏழு பேர் வண்டியா, சொகுசு வண்டியா?

கிரைண்டர் வாங்கப் போனால் கல்லைத் தட்டிப் பார்க்கிறோம். குக்கர் வாங்கினால் கேஸ்கெட் நம் ஊரில் கிடைக்குமா என்று கேட்கிறோம். புடவைக் கடையில் முந்தானையைப் பிரித்துப் பார்க்காமல் பணத்தை எடுப்பதில்லை. ஆனால் இருபது லட்சம், ஐம்பது லட்சம் கொடுத்து வாங்குகிற காரை மட்டும் நம்மில் பலர் பூஜை போடும் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்ணால் பார்க்கிறோம்! "அதெல்லாம் ஆம்பளைங்க சமாசாரம்" என்று ஒதுங்கிவிடுகிறோம். அந்த வண்டியில் கைக்குழந்தையோடு ஏறுவதும், வாந்தி எடுக்கும் பிள்ளையைத் தாங்குவதும், வயதானவர்களைக் கைபிடித்து இறக்குவதும் யார்? நாம்தானே!

எங்கள் வீட்டில் சில மாதங்களாக இதே பேச்சுதான். நாங்கள் இருப்பது கட்டுமாவடி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடலை ஒட்டிய ஊர். 2018 நவம்பரில் வந்த கஜா புயலில் எங்கள் தென்னந்தோப்பு பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் என் கொழுந்தனார் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனார். இப்போது கொஞ்சம் காசு சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறார். வீட்டுக்கு ஒரு கார் வாங்க வேண்டும். அது எது என்பதுதான் கேள்வி.

"இத்தனை வருஷமா பஸ்ஸிலயும் ரயில்லயும் நின்னுக்கிட்டே வேலைக்குப் போனேன் அண்ணி. ஒரு தடவையாவது பி.எம்.டபிள்யூ வண்டி நம்ம வாசல்ல நிக்கணும்" என்பது அவர் ஆசை. "ஏழு பேர் உட்கார்ற மாதிரி ஹூண்டாய் அல்கஸார் எடுத்தா குடும்பமே போகலாமே" என்பது என் வீட்டுக்காரர் பேச்சு. மாமியாரோ, "எந்த வண்டியா இருந்தாலும் என் முட்டி மடங்காது தாயி. நான் ஏறுற வண்டியா பாரு" என்று என்னிடம் சொல்லிவிட்டார்.

வீட்டில் இப்போது ஆறு பேர். ஓரகத்திக்கு ஏழாம் மாதம். ஆக, கூடிய சீக்கிரம் ஏழு.

இரண்டும் நம் மண்ணில் செய்பவை

பி.எம்.டபிள்யூ என்றால் ஜெர்மனியிலிருந்து கப்பலில் வருகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 2007 முதல் செங்கல்பட்டு பக்கம் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் அவர்களுக்குத் தொழிற்சாலை இருக்கிறது. அவர்களுடைய சின்ன சொகுசு வண்டியான எக்ஸ்-1 அங்கேதான் கோக்கப்படுகிறது. ஹூண்டாயோ ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 1998-லேயே சான்ட்ரோ காரோடு தொடங்கிவிட்டது. அல்கஸார் 2021-ல் வந்து, 2024 செப்டம்பரில் புதுப்பிக்கப்பட்டது. இப்போதுள்ள எக்ஸ்-1 2023 ஜனவரியில் நம் நாட்டுக்கு வந்தது. ஆக இரண்டுமே நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள்தான்.

பெரியது எது?

விலை அதிகமான வண்டிதான் பெரியதாக இருக்கும் என்று நினைப்போம். அல்கஸாரின் நீளம் 456 செ.மீ.; எக்ஸ்-1 450 செ.மீ. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலுள்ள தூரமும் அல்கஸாரில்தான் ஏழு செ.மீ. போல அதிகம். உட்காருகிற இடத்துக்கு அந்தத் தூரம்தான் கணக்கு. அகலத்தில் எக்ஸ்-1 இரண்டு விரற்கடை போலக் கூடுதல். அல்கஸாரில் மூன்று வரிசை, ஆறு அல்லது ஏழு பேருக்கு. எக்ஸ்-1-ல் இரண்டே வரிசை, ஐந்து பேர்.

இதைக் கேட்டதும் அல்கஸார்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மூன்றாவது வரிசையில் நானே ஏறி உட்கார்ந்து பார்த்தேன். நடு சீட்டை மடக்கிவிட்டு, குனிந்து, புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டியிருக்கிறது. உட்கார்ந்தால் முழங்கால் மார்புக்கு வருகிறது. வளரும் பிள்ளைகளுக்கு அது போதும். பெரியவர்கள் பக்கத்து ஊருக்குப் போகலாம், சென்னை வரை போக முடியாது. இன்னொன்று: மூன்று வரிசையிலும் ஆட்கள் ஏறிவிட்டால் டிக்கியில் 180 லிட்டர் இடம்தான் மிச்சம். இரண்டு சின்னப் பெட்டி வைக்கலாம். சீர்வரிசைத் தட்டோ, ஊரிலிருந்து கொண்டுபோகும் தேங்காய் மூட்டையோ வைக்க முடியாது. எக்ஸ்-1-ன் டிக்கி 450 லிட்டருக்கும் மேல். ஐந்து பேரும் அவர்கள் சாமானும் தாராளமாகப் போகலாம்.

மாமியாரின் முட்டிக்கு எது நல்லது? இதில் எக்ஸ்-1-க்குத்தான் மார்க். அது ஏழு செ.மீ. போல உயரம் குறைவு. கொழுந்தனாரின் நண்பர் ஒருவர் வைத்திருக்கும் வண்டியில் அவரை உட்காரவைத்துப் பார்த்தோம். நாற்காலியில் உட்காருவது போல உட்கார்ந்து, காலை உள்ளே எடுத்துவைத்துக்கொண்டார். அல்கஸாரில் ஒரு கை கொடுத்து ஏற்றிவிட வேண்டியிருந்தது.

காசு எதற்குப் போகிறது?

சொகுசு வண்டிக்குக் கொடுக்கும் காசு முழுக்க வட்ட முத்திரைக்குத்தான் என்று சிலர் சொல்வார்கள். அது நியாயமில்லை. நண்பரின் எக்ஸ்-1-ல் ஏறிக் கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் அடங்கிவிடுகிறது. பைபாஸில் லாரியைத் தாண்டும்போது வண்டி அலையாமல் போகிறது. டீசல் வண்டிகளை ஒப்பிட்டால், அல்கஸாருக்கு 1.5 லிட்டர் என்ஜின், சக்தி 116 குதிரை. எக்ஸ்-1-க்கு 2 லிட்டர், 150 குதிரை. 2022-ல் ஐரோப்பாவில் நடந்த மோதல் சோதனையில் எக்ஸ்-1 ஐந்து நட்சத்திரம் வாங்கியது. இதெல்லாம் காசு பெறும் சங்கதிகள்தான்.

ஆனால் எவ்வளவு காசு? அறிமுகமானபோது எக்ஸ்-1 பெட்ரோலின் ஷோரூம் விலை 45.9 லட்சம். புதுப்பித்த அல்கஸார் 14.99 லட்சத்தில் தொடங்கி, மேல் ரகம் 21.5 லட்சத்தை ஒட்டி இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. மாறி, இந்த மாதிரிப் பெரிய வண்டிகளுக்கு 40 சதவீதம் என்று ஆகிவிட்டதால், இன்றைய விலையை நீங்கள் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் மட்டும் பெரிதாகக் குறையாது.

இதோடு சாலை வரி வேறு. தமிழ்நாட்டில் 2023-ல் மாற்றியமைத்தபடி, 10 முதல் 20 லட்சம் வரையுள்ள காருக்கு 18 சதவீதம். 20 லட்சத்துக்கு மேல் போனால் 20 சதவீதம். 45.9 லட்சத்துக்கு வரியே 9 லட்சத்துக்கு மேல்! அந்தப் பணத்தில் ஒரு சின்னக் காரே வாங்கிவிடலாம். அல்கஸாரின் மேல் ரகத்தையே எடுத்து, அதற்கும் 20 சதவீத வரி சேர்த்துக் கணக்குப் போட்டேன். வித்தியாசம் 29 லட்சம் வந்தது. 29 லட்சத்தை 7 சதவீத வட்டிக்குப் போட்டால் மாதம் 16,900 ரூபாய் வருகிறது. எங்கள் வீட்டு மளிகை, பால், கேஸ் எல்லாம் அதில் அடங்கிவிடும்.

கொழுந்தனார் கையில் முழுத் தொகை இருந்தால்கூடப் பரவாயில்லை. எக்ஸ்-1 என்றால் பாதிக்கு மேல் கடன். பேறுகாலம் வைத்திருக்கிற வீட்டில் அந்தத் தவணை மாதாமாதம் வந்து வாசலில் நிற்கும்.

உப்புக்காற்று பேதம் பார்க்காது

கடலோரத்தில் இருக்கும் சகோதரிகளுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஜன்னல் கம்பியையும் கேட்டையும் தின்கிற உப்புக்காற்று, 15 லட்சத்து வண்டி என்றும் 45 லட்சத்து வண்டி என்றும் பார்க்காது. வண்டியின் அடிப்பாகத்தை வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதில் கழுவுவதும் கழுவாததும் ஒன்றுதான்.

எங்கள் ஊரிலிருந்து யார் வீட்டுக்குப் போனாலும் மீனும் நண்டும் வாங்கிவரச் சொல்வார்கள். ஐஸ் கரைந்து டிக்கி விரிப்புக்கு அடியில் இறங்கினால் நாற்றம் மட்டுமல்ல, துருவும் அங்கேதான் ஆரம்பிக்கும். மூடி இறுக்கமான பெட்டியில் வைத்து, அடியில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தட்டு போடுங்கள். நாற்றம் தங்கிவிட்டால் சமையல் சோடாவைத் தூவி ஒரு ராத்திரி விட்டு, காலையில் துடைத்தெடுங்கள். இன்னொன்று: இரண்டு வண்டியிலுமே அகலமான கண்ணாடிக் கூரை வைத்த ரகங்கள் உண்டு. தயவுசெய்து தென்னை மரத்தடியில் நிறுத்தாதீர்கள்!

பட்டறை எவ்வளவு தூரம்?

ஹூண்டாய்க்கு புதுக்கோட்டையிலும் தஞ்சாவூரிலும் சர்வீஸ் உண்டு. சொகுசு வண்டிகளுக்குப் பெரிய நகரத்துக்குத்தான் போக வேண்டும். உதிரி பாகத்தின் விலையும் அதற்கேற்ற மாதிரி, இன்ஷூரன்ஸும் அப்படியே. ஸ்டெப்னி இருக்கிறதா என்றும் கேளுங்கள். சில சொகுசு வண்டிகளில் அதற்குப் பதிலாக, காற்று போனாலும் கொஞ்ச தூரம் மெதுவாக ஓடக்கூடிய டயரைப் போட்டுவிடுகிறார்கள். பகலில் பட்டணத்தில் அது சௌகரியம். ராத்திரி இரண்டு மணிக்குப் பிரசவ வலியோடு புதுக்கோட்டைக்கோ தஞ்சாவூருக்கோ புறப்படுகிறவர்களுக்கு, எந்த ஊர் மெக்கானிக்கும் கழற்றி மாட்டக்கூடிய ஒரு சக்கரம் டிக்கியில் இருப்பதுதான் தைரியம்.

உயிரைக் காப்பது எது?

2022 செப்டம்பர் 4-ம் தேதி மும்பைக்குப் பக்கம் பால்கரில் நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்துபோனார். அவர் போனது மெர்சிடிஸ் ஜி.எல்.சி. என்ற விலையுயர்ந்த சொகுசு வண்டி. முன்னால் இருந்த இருவரும் காயத்தோடு பிழைத்தார்கள். பின் சீட்டில் இருந்த இருவரும் இறந்தார்கள். பின்னால் இருந்தவர்கள் பெல்ட் போட்டிருக்கவில்லை என்று போலீஸார் சொன்னார்கள். எத்தனை நட்சத்திரம் வாங்கிய வண்டியானாலும், பெல்ட் போட்டவருக்குத்தான் ஏர்பேக் சரியாக உதவும். சட்டத்திலும் பின் சீட்டுக்காரர்கள் பெல்ட் போட வேண்டும். 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் கூட்டிப்போனால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019-ல் வந்த திருத்தம் சொல்கிறது.

இளம் தாய்மார்கள் இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்காராதீர்கள். வண்டி சட்டென்று நின்றால் பத்துக் கிலோ பிள்ளை பல மடங்கு கனத்தோடு முன்னால் பாயும். எந்தத் தாயின் கையும் அதைத் தாங்காது. கைக்குழந்தைக்குப் பின்பக்கம் பார்த்த குழந்தை சீட் வாங்கி, பின் சீட்டில் பொருத்துங்கள். அதை மாட்டுவதற்கென்றே சீட்டில் 'ஐசோஃபிக்ஸ்' என்ற கொக்கி வரும். இரண்டு வண்டியிலும் உண்டு. கர்ப்பமாக இருப்பவர்கள் "வயித்துல அழுத்துமே" என்று பெல்ட்டை விட்டுவிடக் கூடாது. கீழ்ப்பட்டையை வயிற்றின் மேல் போடாமல், அடிவயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பின் மேல் படியும்படி போட வேண்டும். மேல்பட்டை மார்புகளுக்கு நடுவே வயிற்றை ஒதுக்கி வர வேண்டும். என் ஓரகத்திக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

எங்கள் முடிவு

கடைசியில் அல்கஸார் என்றே தீர்மானித்தோம். ஏழு பேர் ஒன்றாகப் போகும் வீடு, பக்கத்தில் பட்டறை, கடன் இல்லாத தூக்கம் ஆகிய மூன்றுக்காகவும்தான். கொழுந்தனார் ஆசைக்காக மேல் ரகமே எடுக்கிறோம். மாமியாருக்கு ஏறுவதற்குப் படி ஒன்று வைத்துத் தரச் சொல்லியிருக்கிறோம். மிச்சப் பணத்தில் ஒரு பங்கு பேறுகாலத்துக்கு. ஒரு பங்கில் கஜாவில் போன மரங்களுக்குப் பதிலாகக் கன்று வைக்கப் போகிறோம்.

பட்டணத்தில் நாலு பேராக இருந்து, அடிக்கடி தூரப் பயணம் போய், கடன் வாங்காமல் கொடுக்க வசதியும் இருந்தால் எக்ஸ்-1 குறைந்த வண்டியில்லை. அவர்களுக்கு அந்த அமைதியும் உறுதியும் உதவும்.

எந்த வண்டியானாலும் ஷோரூமுக்கு நீங்களும் போங்கள். வீட்டில் மூத்தவரையும் இளைய பிள்ளையையும் கூட்டிப் போங்கள். மூத்தவர் தானே ஏறி இறங்கட்டும். கடைசி வரிசையில் நீங்கள் பத்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள். எல்லா சீட்டிலும் தோளுக்கும் சேர்த்து பெல்ட் இருக்கிறதா, மாட்டினால் 'கிளிக்' என்று விழுகிறதா என்று பாருங்கள். குழந்தை சீட்டை அங்கேயே மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஸ்டெப்னியைக் காட்டச் சொல்லுங்கள். வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஆன்-ரோடு விலையை எழுதி வாங்குங்கள். சலித்துக்கொண்டால் சலித்துக்கொள்ளட்டும். பத்து வருஷம் அந்த வண்டியில் ஏறி இறங்கப் போவது நாம்தானே!