காணாமல் போன மணல் திரும்பி வந்தது!
புதுவைக் கடலுக்குள் 900 டன் இரும்புத் திட்டு

புதுச்சேரியில் 1990-களில் பிறந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கடற்கரை என்றால் அவர்களுக்குக் கருங்கல்தான் ஞாபகம் வரும். காந்தி சிலைக்கு எதிரே மணல் கிடையாது. அலை வந்து பாறையில் மோதும், சாரல் முகத்தில் அடிக்கும், அவ்வளவுதான்!

இத்தனைக்கும் அவர்களுடைய அப்பா, தாத்தா எல்லாம் அதே இடத்தில் மணலில் விளையாடியவர்கள்.

மணலைத் தின்றது யார்?

கடல்மீது பழி போடுவது சுலபம். ஆனால் கை வைத்தது மனிதன்தான்.

நம் கிழக்குக் கரையோரம் மணல் சும்மா கிடப்பதில்லை. வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் அலையோடு தெற்கிலிருந்து வடக்கே ஓடிக்கொண்டே இருக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் கொஞ்சம் திரும்பி வரும். கூட்டிக் கழித்தால் ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர் மணல் வடக்கே போகிறது.

அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் 1989-ல் துறைமுகம் கட்டி முடிந்தது. அதற்காகக் கடலுக்குள் நீட்டிய அலை தடுப்புச் சுவர்கள் மணலை மறித்துவிட்டன. தெற்கே மணல் மேடு! வடக்கே நகரத்துக் கரை மொட்டை!

தண்ணீருக்குள் ஆப்பு

சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் ஒரு வழி சொன்னது. தலைமைச் செயலகத்துக்கு எதிரே, ஆப்பு வடிவில் சுமார் 900 டன் எடையுள்ள இரும்புத் திட்டு 2018-ல் கடலுக்குள் இறக்கப்பட்டது. தண்ணீருக்குள் மூழ்கிக் கிடப்பதால் கடல் அழகு கெடவில்லை.

“மூழ்கிக் கிடக்கிற இரும்பு அலையை நிறுத்திடுமா?” என்று கேட்பீர்கள். நிறுத்தாது. ஆனால் முதுகை ஒடிக்கும்! ஆழத்தில் வரும் அலை திடீரென்று ஆழம் குறைந்ததும் அங்கேயே உடைந்துவிடும். கரைக்கு வருவது பாதி பலம்தான். தண்ணீர் சாந்தமானால் அதில் கலங்கி வரும் மணல் அடியில் தங்கும். முகத்துவாரத்தில் தூர் வாரிய மணலையும் கரையில் கொட்டினார்கள். பல வருஷத்துக்கு அப்புறம் ஜனங்கள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு மணலில் நடந்தார்கள்!

வடக்கே என்ன கதி?

கதை இதோடு முடியவில்லை. நகரத்தைக் காக்கக் கல் கொட்டக் கொட்ட, அரிப்பு வடக்கே நகர்ந்தது. சோலை நகர், அதைத் தாண்டித் தமிழ்நாட்டு எல்லையில் சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று மீனவர் குப்பங்களைக் கடல் கடித்தது. படகை ஏற்றவும் வலையை உலர்த்தவும் கரை வேண்டாமா?

ஒன்றை மறக்கக் கூடாது. திட்டு மணலை உண்டாக்காது. போகிற மணலைக் கொஞ்சம் பிடித்து வைக்கும், அவ்வளவே. துறைமுக வாயிலில் சிக்கும் மணலை வருஷம் தவறாமல் எடுத்து வடக்கே கொடுத்தால்தான் எல்லோருக்கும் கரை மிஞ்சும்.

இல்லாவிட்டால் நகரத்துக்கு மணல், குப்பத்துக்குக் கல் என்று ஆகிவிடும்!