காற்றடைத்த படகா, தோணியா? கந்தளாய்க் குளத்தில் தொழில் தொடங்க நினைப்போருக்கு ஒரு கணக்கு

போரில் தொழிலை இழந்த குடும்பத்தின் கைக்கு ஒரு தொகைப் பணம் வருவது அடிக்கடி நடப்பதல்ல. வாழ்வாதார உதவியாகவோ, வெளிநாட்டிலிருக்கும் சகோதரன் அனுப்பியதாகவோ, நுண்கடனாகவோ அது ஒருமுறை வரும். அதில் வாங்கும் பொருள் தொழிலைத் தரவேண்டும். தராவிட்டால், பொருளும் போய்க் கடன் மட்டும் மிஞ்சும்.

இப்போது கைபேசித் திரையில் அடிக்கடி தென்படும் விளம்பரங்களில் ஒன்று காற்றடைத்த படகு. மடித்தால் ஒரு பைக்குள் அடங்கும். மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகலாம். பத்து நிமிடத்தில் காற்றடிக்கலாம். விலையும் ஃபைபர் தோணியின் விலையில் ஒரு சிறு பங்குதான். குளத்திலோ களப்பிலோ மீன் பிடித்துப் பிழைக்க நினைப்பவர் இதைப் பார்த்து ஆசைப்படுவதில் வியப்பில்லை. ஆனால் அந்தப் படகு எதற்காகச் செய்யப்பட்டது, நமது குளம் அதை என்ன செய்யும் என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன் பார்க்கவேண்டும்.

குளமும் தொழிலும்

திருகோணமலை நகரிலிருந்து ஹபரணை வீதியில் சுமார் 40 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது கந்தளாய். தமிழர் மரபில் குளக்கோட்டன் பெயரோடும், சிங்கள வரலாற்று நூல்களில் பழைய அனுராதபுர அரசர்களின் பெயர்களோடும் சேர்த்துச் சொல்லப்படும் குளம் அது. தம்பலகாமத்து வயல்களுக்குப் பாய்வதும், திருகோணமலை நகருக்குக் குடிநீராகப் போவதும் இந்தக் குளத்து நீரே. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலையில் இதன் அணைக்கட்டு உடைந்தபோது 120க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வயது போனவர்கள் இன்னும் அந்த நாளை மறக்கவில்லை.

இங்கு பிடிபடும் மீனில் பெரும்பங்கு திலாப்பியா. 1952இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட மீன் இது. வறள்வலயக் குளங்களில் நன்னீர் மீன்பிடி ஒரு தொழிலாக வளர்ந்ததற்கு இதுவே காரணம். 1990 முதல் 1994 வரை நன்னீர் மீன்பிடிக்கான அரச உதவியை அரசாங்கம் நிறுத்தி வைத்திருந்தது. கரையோரத்திலும் அதே காலத்தில் பாஸ் நடைமுறை, இரவுத் தொழிலுக்குத் தடை, இயந்திர வலுவுக்குக் கட்டுப்பாடு என்று மீனவர் நெருக்கப்பட்டனர். கடலிலும் குளத்திலும் ஒரே நேரத்தில் கதவு மூடப்பட்ட அனுபவம் கிழக்கு மாகாண மக்களுக்கு உண்டு.

குளத்தில் தொழில் நடக்கும் விதம் எளிமையானது. மாலையில் இருவர் தோணியில் போய் செவுள் வலையை இறக்குவார்கள். விடியற்காலையில் போய் வலையை இழுத்து மீனைக் கழற்றுவார்கள். ஆகவே படகுக்குள் எப்போதும் இருப்பவை நனைந்த வலை, ஈயக்குண்டு, மீன் முள், கத்தி, நங்கூரக் கல். காற்றடைத்த படகுக்கு இவை ஒவ்வொன்றுமே பகை.

மூன்று விதப் படகுகள்

சந்தையில் “காற்றுப் படகு” என்ற ஒரே பெயரில் விற்கப்படுபவை உண்மையில் மூன்று வகை.

முதலாவது, துணி இழை இல்லாத வெறும் பிளாஸ்ரிக் தாளால் ஆனது. தடிப்பு அரை மில்லிமீற்றர்கூட வராது. விடுமுறை நாளில் நீச்சல் தடாகத்தில் பிள்ளைகளோடு மிதப்பதற்கானது இது. பெட்டியில் தூண்டிலுடன் சிரிக்கும் மனிதனின் படம் இருக்கலாம். அதனால் இது தொழிற்படகு ஆகிவிடாது. இந்தத் தாளில் சிறு கிழிவு விழுந்தால், அழுத்தத்தில் அது நீண்டுகொண்டே போகும்.

இரண்டாவது, நடுவில் பொலியெஸ்ரர் துணி வைத்து இருபுறமும் பிவிசி பூசியது. தடிப்பு பொதுவாக 0.7 முதல் 0.9 மில்லிமீற்றர் வரை. துணி இருப்பதால் முள் குத்தினாலும் துளை துளையாகவே நிற்கும், கிழிவாக ஓடாது. காற்றடைத்த படகில் தொழில் செய்ய எண்ணினால் இதற்குக் குறைந்த எதையும் வாங்கவேண்டாம்.

மூன்றாவது, ஹைபலோன் என்ற செயற்கை றப்பர் பூசியது. வெயிலையும் எண்ணெயையும் நன்றாகத் தாங்கும். கடற்படைகளும் மீட்புப் பணியாளர்களும் பயன்படுத்தும் தரம். அதன் விலைக்கு நல்ல ஃபைபர் தோணியே வாங்கிவிடலாம் என்பதால் அதை இங்கு விட்டுவிடுவோம்.

கடையில் நின்று வகையைக் கண்டறிய ஒரு வழி உண்டு. ஓரத்தில் ஒட்டாத நுனி ஏதாவது இருந்தால் உற்றுப் பாருங்கள். வெட்டு முகத்தில் நூலிழை தெரியவேண்டும். இரு கைகளாலும் இழுத்தால் பலூன்போல் நீளக்கூடாது. இணையத்தில் வாங்குவதென்றால் தடிப்பு எத்தனை மில்லிமீற்றர், உள்ளே துணி உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அது முதலாவது வகை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை பேர் அல்ல, எத்தனை கிலோ

“மூவர் செல்லலாம்” என்ற வாசகத்தை நம்பவேண்டாம். கிலோக் கணக்கைப் பாருங்கள். இரண்டு பேர் 140 கிலோ, நனைந்த வலை 20 கிலோ, மீன் 40 கிலோ, நங்கூரக் கல்லும் தண்ணீர்ப் போத்தலும் பெட்டியும் 10 கிலோ. ஆக 210 கிலோ. எழுதப்பட்ட கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்கே ஏற்றலாம் என்று வைத்தால், படகில் 315 கிலோவுக்குக் குறையாமல் எழுதியிருக்கவேண்டும்.

ஏன் மூன்றில் இரண்டு? 35 சென்ரிமீற்றர் விட்டமுள்ள குழாயை வளைத்துச் செய்த படகில் குழாயின் மொத்த நீளம் ஐந்தரை மீற்றர் என்று கொள்வோம். அது முழுவதும் நீரில் அமிழ்ந்தால் ஏறக்குறைய 530 கிலோவைத் தாங்கும். குழாய் இரண்டு காற்றறைகளாகப் பிரிக்கப்பட்டிருந்து ஒன்று வெடித்தால் மீதம் 265 கிலோ. அதில் படகின் எடையையும் கழிக்கவேண்டும். 210 கிலோ ஏற்றியவர் அப்போதும் தத்தளித்தபடி கரை சேரலாம். 300 கிலோ ஏற்றியவர் சேரமாட்டார். ஒரே காற்றறையுள்ள படகில் யாருமே சேரமாட்டார்கள். ஆகவே இரண்டு அறைகளாவது தனித்தனி வால்வுகளோடு இருக்கவேண்டும். மூன்று இருந்தால் நல்லது.

வெயில், காற்று, கட்டை

காலையில் காற்று இறுக அடித்த படகை உச்சி வெயிலில் கரையில் விட்டுப் போகவேண்டாம். இந்த வகைப் படகுக் குழாய்களில் வழக்கமாக அடிக்கும் அழுத்தம் 0.25 பார். உள்ளிருக்கும் காற்றின் வெப்பம் 27 பாகையிலிருந்து 47 பாகைக்கு ஏறினால் அந்த அழுத்தம் 0.33 பார் ஆகிவிடும். அதாவது மூன்றில் ஒரு பங்கு கூடும். ஒட்டு விடுவது பெரும்பாலும் இப்படித்தான். மாலையில் குளிர்ந்த நீரில் இறக்கும்போது நேர்மாறாகப் படகு தொய்ந்துபோகும். நீரில் இறக்கிச் சில நிமிடம் விட்டு, பிறகு தேவையான காற்றை நிரப்புவதே முறை.

அடுத்தது காற்று. காற்றடைத்த படகு எடையற்றது, அடிப்பக்கம் தட்டையானது, நீருக்கு மேலே உயர்ந்து நிற்பது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பரந்த குளத்தின் நடுவே, பெட்டியோடு வந்த சிறு பிளாஸ்ரிக் துடுப்பால் எதிர்த்து வலிப்பது இயலாத காரியம். தோணி தண்ணீரைப் பிடித்து நிற்கும். இதுவோ சருகுபோல் அள்ளுண்டு போகும்.

பிறகு கட்டை. வறள்வலயக் குளங்களில் நீருக்கடியில் பழைய மரங்களின் அடிக்கட்டைகள் நிற்கின்றன. நீர் வற்றும் காலத்தில் அவை மேற்பரப்புக்கு அருகே வருகின்றன. அலைகரையில் முட்செடிகள். படகுக்குள்ளே திலாப்பியாவின் முதுகு முள்ளும், சுங்கான், கெளிறு போன்றவற்றின் பக்க முள்ளும். களப்புக்குப் போனால் கண்டல் வேரும் அதில் ஒட்டிய கூரான சிப்பியும். கந்தளாய் போன்ற குளங்களில் முதலையும் உண்டு. இடுப்பளவு நீரில் இறங்கிப் படகைத் தள்ளிக்கொண்டு வரலாம் என்று இலகுவாக எண்ணமுடியாது.

ஊரில் ஏற்கெனவே உள்ளவை

காற்றடைத்த படகு புதிதல்ல. லொறி ரியூப்பில் பலகை கட்டி மிதப்பதும் காற்றடைத்த படகுதான். அதன் பெரிய பலம், எந்த ரயர் கடையிலும் ஒட்டுப் போடலாம் என்பது. கடையில் வாங்கிய பிவிசி படகுக்கு அது பொருந்தாது. சைக்கிள் ரியூப் ஒட்டும் பசை பிவிசியில் பிடிக்காது, சில நாளில் உரிந்துவிடும். பிவிசிக்குரிய பசையும் அதே துணியில் ஒட்டுத் துண்டும் வேண்டும். ஒட்டியபின் ஒரு நாள் முழுவதும் காயவிடவேண்டும். ஆனால் ரியூப்பில் பாரம் ஏற்றமுடியாது, காலும் நீருக்குள்ளேயே கிடக்கும்.

றெஜிபோம் தெப்பம் மலிவு, காற்றுப் போகாது. எனினும் அது உடைந்து உதிரும், பாரம் ஒரு பக்கம் சாய்ந்தால் புரளும். ஃபைபர் தோணி விலை கூடியது. கட்டையில் மோதினால் கீறல் விழும், மூழ்காது. வெடித்தாலும் ஊரிலேயே பூசித் திருத்துவார்கள். பத்து வருடம் கழித்தும் விற்றால் ஏதாவது கிடைக்கும்.

இனிக் கணக்கு. கீழுள்ளவை வழியைக் காட்டுவதற்கான எண்கள் மட்டுமே. நீங்கள் கேட்டறிந்த விலைகளை அவற்றின் இடத்தில் போட்டுப் பாருங்கள். மெல்லிய காற்றுப் படகு 30,000 ரூபாய். 100 நாள் தொழில் செய்தபின் பயன்படாது போனால், நாளுக்கு 300 ரூபாய். தோணி 200,000 ரூபாய். வருடத்துக்கு 200 நாள் வீதம் எட்டு வருடம் உழைத்தால் 1,600 நாள். நாளுக்கு 125 ரூபாய். இருவர் பங்கு போட்டு வாங்கினால் ஒருவரின் கையிலிருந்து போவது 100,000. கையில் இருப்பது 30,000 மட்டும் என்றால், அதை மெல்லிய படகில் போடுவதைவிட ஒரு தோணியில் பங்காகப் போடுவதே மேல்.

யாருக்குப் பொருந்தும்?

இதற்காகக் காற்றடைத்த படகு யாருக்கும் ஆகாது என்று சொல்லமுடியாது. கரையில் தோணி விட இடமில்லாதவர், கரையிலிருந்து தொலைவில் குடியிருப்பவர், வெவ்வேறு குளங்களுக்கு மாறிப் போகிறவர், தனியாளாகத் தூண்டில் போடுகிறவர், வேறு தொழிலோடு வாரத்தில் இரண்டு நாள் மட்டும் மீன் பிடிப்பவர் ஆகியோருக்கு துணி வைத்த பிவிசி படகு உதவும். முழுநேர வலைத் தொழிலுக்கு அது உதவாது.

வாங்குவதானால் பலகைத் தளம் உள்ளதைப் பாருங்கள். மீனுக்கும் வலைக்கும் அடியில் பழைய றப்பர் விரிப்பைப் போடுங்கள். வலையையும் கத்தியையும் பிளாஸ்ரிக் தொட்டிக்குள் வையுங்கள். நீளமான மரச் சவள் இரண்டை ஊரிலேயே செய்வியுங்கள். பாவித்தபின் நிழலில் காயவைத்து, எலி எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள்.

பழையது வாங்கும்போது காற்றடித்து ஒரு இரவு விட்டுப் பாருங்கள். மூட்டுகளிலும் வால்விலும் சவர்க்கார நீர் பூசினால் கசிவு குமிழியாகத் தெரியும். தொட்டால் கையில் பிசுபிசுவென ஒட்டினால் அந்தப் பிவிசியின் ஆயுள் முடிந்துவிட்டது. விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

படகுக்கு முன் அனுமதி

படகைவிட முதலில் தேவையானது அனுமதிப்பத்திரம். நன்னீர் மீன்பிடி, தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் உள்ளது. குளத்து மீனவர் சங்கத்தோடும் அதிகார சபையின் உத்தியோகத்தரோடும் முதலில் பேசுங்கள். குஞ்சு விடுவதும் புதியவரைச் சேர்ப்பதும் சங்கத்தோடு இணைந்த விடயங்கள். எந்த வகைப் படகை ஏற்பார்கள் என்பதையும் அப்போதே கேளுங்கள். வலைக் கண் 8.5 சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது. தங்கூசி வலை தடைசெய்யப்பட்டது. அனுமதியின்றி இறங்கிப் பிடிபட்டால் படகும் வலையும் கைவிட்டுப் போகும். ஏற்கெனவே இழந்த குடும்பம் இன்னொருமுறை இழக்கக்கூடாது.

கடைசியாக ஒன்று. 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதவைப் படகு கவிழ்ந்து பாடசாலைச் சிறுவர்கள் உட்படப் பலர் உயிரிழந்தனர். நமது மாவட்டத்தில்தான் அது நடந்தது. எந்தப் படகை வாங்கினாலும், ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கியின் விலையைப் படகின் விலையோடு சேர்த்தே எண்ணுங்கள். அந்தத் தொகையும் சேர்ந்து கைக்கு எட்டாவிட்டால், இன்னும் கொஞ்சம் பணம் சேரும்வரை கரையில் நின்று தூண்டில் போடுங்கள்.