மருத்துவமனையின் மறுபக்கம் – 9: மூன்றாவது ஊசி

உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் ஒரு குன்றின்மேல் இருக்கிறது முலாகோ மருத்துவமனை. வெளியூர் மருத்துவமனைகள் கைவிரித்த நோயாளிகள் கடைசியில் வந்து சேருமிடம் அது. மக்கெரேரே பல்கலைக்கழகத்தின் மருத்துவ மாணவர்கள் தொழில் பழகுவதும் அங்கேதான். அந்த மருத்துவமனையின் ஊழியர்களுக்கே ரத்தப் பரிசோதனை செய்து பார்த்த ஓர் ஆய்வு 2010-இல் வெளியானது. நூற்றுக்கு 8 பேரின் உடலில், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருந்தது. ஏறத்தாழ பாதிப் பேரை வாழ்நாளில் எப்போதாவது அது தொற்றியிருந்தது. வேலையின்போது ஊசி குத்திக்கொண்டவர்கள் மூன்றில் இரண்டு பங்கு.

தடுப்பூசி போட்டிருந்தவர்கள்? 6.2 சதவீதம்.

‘மருத்துவம் தெரிந்தவர்களே இவ்வளவு அலட்சியமா?’ என்று கேட்கத் தோன்றும். அதே ஆய்வில், தடுப்பூசி கொடுத்தால் போட்டுக்கொள்வீர்களா என்றும் கேட்டிருந்தார்கள். 98.9 சதவீதம் பேர் சம்மதம் என்றார்கள். ஆக, எல்லோரும் கையை நீட்டத் தயார். மருந்தோடுதான் யாரும் வரவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த 8 சதவீதம் பேருக்கும் வார்டில்தான் தொற்றியது என்று முடிவு கட்டிவிட முடியாது. உகாண்டாவில் 2005-இல் எடுத்த கணக்கெடுப்பில் பெரியவர்களில் பத்தில் ஒருவருக்கு இந்த வைரஸ் இருந்தது. அங்கே பலருக்கு அது பிரசவத்தின்போது தாயிடமிருந்தோ, சிறுவயதில் கூட விளையாடிய பிள்ளைகளிடமிருந்தோ வந்துவிடுகிறது. ஏற்கெனவே உடலில் வைரஸ் இருப்பவருக்குத் தடுப்பூசி போட்டுப் பயனில்லை. அவருக்கு வேண்டியது கண்காணிப்பும் தேவைப்பட்டால் மாத்திரையும். அதனால்தான் இத்தகைய நாடுகளில் ஊசிக்கு முன் பரிசோதனை என்கிறார்கள்.

மருத்துவமனைகளில் எல்லோரும் நடுங்குவது எச்.ஐ.வி.க்கு. அந்த வைரஸ் உள்ள நோயாளிக்குப் போட்ட ஊசி ஊழியரின் விரலில் ஏறினால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று. ஹெபடைடிஸ் சி என்றால் நூற்றில் சுமார் இரண்டு. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்போ நூற்றில் 6 முதல் 30 வரை. காய்ந்த ரத்தத் துளியிலும் இந்த வைரஸ் குறைந்தது ஏழு நாள் உயிரோடிருக்கும். ஊசிக் குத்தல்களால் மட்டும் உலகெங்கும் ஆண்டுக்குச் சுமார் 66,000 ஊழியர்களுக்கு ஹெபடைடிஸ் பி தொற்றுவதாக உலக சுகாதார நிறுவனம் 2000-ஆம் ஆண்டுக்கு ஒரு மதிப்பீடு செய்தது. மூன்றிலும் தடுப்பூசி உள்ளது இது ஒன்றுக்குத்தான் என்பது வேடிக்கை.

அந்தத் தடுப்பூசியும் புதிதல்ல. அமெரிக்காவில் 1981-இலேயே அனுமதி கிடைத்துவிட்டது. 1986-இல் ஈஸ்ட்டை வைத்துத் தயாரிக்கும் வகை வந்தது. ஆனாலும் அங்கும் ஊழியர்கள் வரிசையில் வந்து நின்றுவிடவில்லை. 1991-இல் ஒரு விதி வந்தது: ரத்தத்தோடு புழங்கும் ஊழியருக்குத் தடுப்பூசியை முதலாளி இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். 1983-இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களைத் தொற்றிய நோய், 1990-களின் நடுவில் சில நூறு பேராகச் சுருங்கியது. கையுறைப் பழக்கத்துக்கும் இதில் பங்குண்டு. ஆனால், யார் காசு கொடுப்பது என்ற கேள்விக்குப் பதில் எழுதி வைத்ததுதான் பெரிய காரியம்.

விலையைக் காரணம் காட்டவும் இப்போது வழியில்லை. 1997-இல் ஹைதராபாத்தில் வரப்பிரசாத் ரெட்டியின் சாந்தா பயோடெக்னிக்ஸ் சொந்தமாகத் தடுப்பூசி தயாரித்து இறக்கியது. அதுவரை ஒரு டோஸ் பல நூறு ரூபாய். சில ஆண்டுகளில் ஐம்பது ரூபாய்க்கு இறங்கியது.

பிறகு எங்கே சிக்குகிறது? ஆறு மாதத்தில். முதல் ஊசி இன்று, இரண்டாவது ஒரு மாதம் கழித்து, மூன்றாவது ஆறாவது மாதம். அதற்குள் பயிற்சி நர்ஸ் படிப்பு முடித்துப் போய்விடுவார், ஒருவருக்கு மாற்றல் வரும், வேறொருவர் நைட் ஷிப்ட்டில் இருப்பார், மருந்து தீர்ந்திருக்கும். மூன்றையும் முடித்த ஊழியர்கள் ஆப்பிரிக்காவில் நான்கில் ஒருவர்தான் என்று 2018-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டார்கள்.

இந்தக் கணக்கிலும் சேராமல் நழுவுபவர் துப்புரவுப் பணியாளர். யாரோ குப்பைப் பையில் போட்ட ஊசி அவர் கையில்தான் குத்துகிறது. ஒப்பந்தத் தொழிலாளி என்றால் மருத்துவமனை ஒப்பந்த நிறுவனத்தைக் கைகாட்டும், நிறுவனம் மருத்துவமனையைக் கைகாட்டும்.

பரிசோதனைக்கும் ஒரு தடை உண்டு: பயம். வளைகுடா வேலைக்குப் போக முயன்ற நம்மூர் நர்ஸ்களுக்கு அது நன்றாகத் தெரியும். விசாவுக்கான மெடிக்கலில் ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ் என்றால் ‘அன்ஃபிட்’ முத்திரைதான். வேலை போகும் என்றால் யார் ரத்தம் கொடுப்பார்? வைரஸ் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒருவரைத் தொழிலிலிருந்து விலக்கக் கூடாது என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. முடிவை ரகசியமாக வைத்து, வேலைக்கும் உத்தரவாதம் கொடுத்துவிட்டுத்தான் ஊழியரைப் பரிசோதனைக்கு அழைக்க வேண்டும்.

உகாண்டா அரசு 2015-இல், நோய் அதிகமாக இருந்த வடக்கு மாவட்டங்களில் தொடங்கி, பெரியவர்களுக்கு இலவசப் பரிசோதனையும் தடுப்பூசியும் கொடுக்க ஆரம்பித்தது. இந்தியாவிலும் 2018-இல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சுகாதார ஊழியர்களுக்கான தடுப்பூசி இடம்பெற்றிருக்கிறது.

உங்கள் வீட்டில் நர்ஸ், லேப் டெக்னீஷியன், மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர் யாராவது இருந்தால் இன்றே கேளுங்கள்: மூன்றாவது ஊசி போட்டாயிற்றா? அதன்பின் ஓரிரு மாதத்தில் ஆன்டிபாடி அளவு பார்த்தாயிற்றா? அது 10-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். தடுப்பூசி போடாதவருக்கு ஊசி குத்திவிட்டால் சோப்பு போட்டுக் கழுவி, உடனே பொறுப்பாளரிடம் சொல்லச் சொல்லுங்கள். தடுப்பூசியையும், தேவைப்பட்டால் ஆயத்த ஆன்டிபாடியான இம்யூனோகுளோபுலினையும் முடிந்தவரை 24 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

(தொடரும்)