குழல்வாய் வழியே கெட்டிக்கும் துப்பாக்கி

திருவனந்தபுரத்தில் குடியேறி வாழும் தமிழ் அன்பர்கள் நன்கறிந்த ஓசை ஒன்றுண்டு. ஆற்றுக்கால் பொங்கல் நாளன்று பண்டார அடுப்பில் தீ மூட்டப்படும் வேளையில், செண்டை மேளத்தோடு கதினா வெடியும் முழங்குகிறது. நம் ஊர்த் திருவிழாக்களில் அதிர்வேட்டு என வழங்குவதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. சிறிய இரும்புக் குழலில் வாய் வழியாகக் கருமருந்தை இட்டு, மேலே அடைப்பு வைத்து இறுக்கி, அடியிலுள்ள பற்றுவாயில் தீ வைக்கிறார்கள். பழைய பீரங்கியும் துப்பாக்கியும் இதே முறையில் இயங்கியவைதாம். அவற்றில் குண்டு இருந்தது. கதினாவில் அது இல்லை. வேற்றுமை அவ்வளவே.

இவ்வாயுதங்களின் வரலாற்றை அறிய நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் சாலையில் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று அப்பால், தக்கலைக்கு அருகில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது. 1741ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் குளச்சலில் டச்சுக் கம்பெனிப் படையைத் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மர் முறியடித்தார். அப்போரில் சிறைப்பட்ட தெ லனாய் என்பவரே பின்னர் மன்னரின் படைக்கு மேனாட்டு முறையில் பயிற்சி அளித்தார். உதயகிரியில் பீரங்கிகளும் குண்டுகளும் வார்க்கும் உலைக்களம் ஏற்பட்டது. 1777இல் மறைந்த தெ லனாயின் கல்லறையை இன்றும் அக்கோட்டைக்குள் காணலாம். அதில் இலத்தீனோடு தமிழும் பொறிக்கப்பட்டுள்ளது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மாற்றி அமைக்கப்பட்டபோது, குளச்சலும் உதயகிரியும் தமிழ்நாட்டின் பக்கம் வந்தன.

அக்காலத் துப்பாக்கியைச் சுடும் முறை யாது? முதலில் அளவுக் குப்பியில் கருமருந்தை அளந்து குழல்வாயில் கொட்ட வேண்டும். பிறகு எண்ணெய்ப் பசையுள்ள சிறு துணியில் ஈயக் குண்டைப் பொதிந்து, கெட்டிக்கும் கோலால் அடிவரை தள்ள வேண்டும். குண்டு மருந்தின்மேல் நன்கு அமர்ந்திருத்தல் இன்றியமையாதது. இடையில் வெற்றிடம் இருப்பின் குழலே பிளந்துவிடக்கூடும். பின்பு சக்கிமுக்கிக் கல்லின் பொறியாலோ, 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பரவிய சிறு செப்புக் கேப்பினாலோ மருந்து பற்றிக்கொள்ளும். தேர்ந்த சிப்பாய் ஒரு நிமிஷத்தில் இரண்டு அல்லது மூன்று முறையே சுட முடிந்தது.

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைத் தூண்டிய கொழுப்புத் தடவிய தோட்டாவும் இத்தகைய துப்பாக்கிக்கு உரியதே. என்பீல்டு துப்பாக்கியின் காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துப் பிரித்து, மருந்தைக் குழல்வாயில் கொட்டிக் குண்டை இறக்குவார்கள். கொழுப்பு எதற்கு எனக் கேட்கலாம். அது குண்டு வழுக்கி இறங்க உதவும். குழலில் படியும் கரியையும் இளக்கும். அந்தக் கரியைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுதல் நலம்.

கருமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றின் சேர்க்கை. எரியும்போது அது முழுவதும் ஆவியாகிவிடுவதில்லை. எடையில் பாதிக்கு மேற்பட்ட பங்கு பொட்டாசிய உப்புகளாகவும் பிற திடப் பொருள்களாகவும் மாறுகிறது. அதில் ஒரு பகுதி அடர்ந்த வெண்புகையாகிறது. எஞ்சியது குழலின் உட்புறத்தில் படிகிறது. இவ்வுப்புகளுள் சில காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையன. திருவனந்தபுரம் போன்ற கடலோர நகரில், சுட்ட துப்பாக்கியைக் கழுவாமல் ஓரிரவு வைத்தாலே துரு தொடங்கிவிடும்.

எண்ணெய் பூசினால் போதும் என எண்ணுவோர் ஏமாறுவர். உப்பு நீரில் கரையுமேயன்றி எண்ணெயில் கரையாது. கழுவாத குழலுக்கு எண்ணெய் பூசுவது புண்ணைக் கழுவாமல் கட்டுப் போடுவதை ஒக்கும். ஆகவே சுட்ட அன்றே சோப்புக் கலந்த வெந்நீரால் குழலைக் கழுவித் துணி வெளுப்பாக வரும்வரை துடைக்க வேண்டும். வெந்நீரால் இரும்பு சூடேறுவதால் ஈரமும் விரைவில் உலரும். நன்கு உலர்ந்த பின்னரே எண்ணெய் பூச வேண்டும்.

அமெரிக்கா, ஐரோப்பா முதலிய இடங்களில் இது இன்று ஒரு விளையாட்டாகவும் வளர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் 1933இலேயே இதற்கெனத் தேசியச் சங்கம் தோன்றியது. இத்தாலியில் கார்தோனே என்னும் ஊரின் பட்டறைகள் பழைய மாதிரியில் புதிய துப்பாக்கிகளைச் செய்கின்றன. உலகப் போட்டிகளில் அசல் துப்பாக்கிக்கும் மறுபடைப்புக்கும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. புதிதாகச் செய்தவையாயினும் அவற்றிற்கும் கருமருந்தே உரியது. இக்காலத் தோட்டாவின் புகையில்லா மருந்தை இட்டால், அதன் அழுத்தத்தைத் தாங்காமல் குழல் வெடித்துவிடும்.

போட்டிக் களங்களில் கட்டாயமாகப் பின்பற்றப்படும் விதிகளும் உண்டு. மருந்துக் கொம்பிலிருந்து குழலுக்குள் நேரே கொட்டலாகாது. முன்பு சுட்டதன் கங்கு உள்ளே ஒளிந்திருப்பின், தீ கொம்புக்கே தாவும். சுடாமல் நின்றுபோன துப்பாக்கியை உடனே தாழ்த்தாமல், ஒரு நிமிஷமேனும் இலக்கை நோக்கியே பிடித்திருக்க வேண்டும். அன்றைய பீரங்கி வீரர்கள் ஒவ்வொரு வேட்டுக்குப் பின்னும் ஈரப் பஞ்சால் குழலைத் துடைத்ததும் கங்குக்கு அஞ்சியே.

இந்த எச்சரிக்கை கோயில் வெடிக்கும் பொருந்தும். கொல்லம் மாவட்டத்துப் பரவூர் புற்றிங்கல் கோயிலில் 2016 ஏப்ரல் 10ஆம் நாள் விடியுமுன், வாணவேடிக்கையின் தீப்பொறி வெடிமருந்துக் கிடங்கில் விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் மாண்டன. கருமருந்துக்குப் பக்தியும் தெரியாது, விழாவும் தெரியாது. கதினா நிரப்பும் இடத்தைச் சிறுவர் அணுகாமல் காப்பது பெற்றோர் கடமை.

இறுதியாக, வெளிமாநிலத்தில் வாழும் நமக்கே உரிய செய்தி ஒன்று. ஊரில் பழைய வீட்டைப் பிரிக்கும்போதோ விற்கும்போதோ, பரணில் பாட்டனாரின் நாட்டுத் துப்பாக்கி கிடைக்கக்கூடும். துருவேறிய இரும்புதானே எனக் குழந்தை கையில் கொடுத்துவிடாதீர்கள். குழல்வாயில் கெட்டித்த மருந்து வெளியே தெரியாது. உலர்ந்த நிலையில் பல பத்தாண்டுகள் கழித்தும் அது பற்றிக்கொள்ளும். பழகியவர்கள் குழலுக்குள் ஒரு கோலை விட்டு, அது சென்ற நீளத்தை வெளியே வைத்து ஒப்பிடுவார்கள். கோல் அடிவரை செல்லாவிடில் உள்ளே ஏதோ இருக்கிறது என்பது பொருள். அதைத் தோண்டி எடுக்க முயல்வது பேராபத்து. அது தேர்ந்த கைகளுக்குரிய வேலை.

சட்டத்தையும் மறத்தலாகாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, சுடத்தக்க துப்பாக்கி எவ்வளவு பழையதாயினும் உரிமம் வேண்டும். சுடவே இயலாத பழம்பொருள்களுக்கு விலக்கு உண்டு. எனினும் எது அவ்வகை என நாமே முடிவு செய்துகொள்ளலாகாது. அதை மூட்டையில் கட்டி ரயிலேற்றி இங்கே கொண்டுவராமல், இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, அவ்வூர்க் காவல் நிலையத்தில் அறிவிப்பதே முறை.

பாட்டனார் போற்றிய பொருளை நாமும் போற்றுவோம். முதலில் அதன் வாய் நம்மை நோக்காமல் பார்த்துக்கொள்வோம்.