கராஜுக்குள் ஒரு கணப்பு

மார்கழிப் பனிக்கே போர்வையை இழுத்து மூடிக்கொள்ளும் நமக்குக் கனடாவின் குளிரைக் கற்பனை செய்வதும் அரிது. ரொறன்ரோ நகரில் சனவரி மாத இரவுகளில் வெப்பநிலை பூச்சியத்திற்குக் கீழே 10 பாகைக்கும் இறங்கும். சில இரவுகளில் 20 பாகையையும் எட்டிவிடும். நம்மவர் பல்லாயிரவர் குடியேறி வாழும் அந்நகரில், வீட்டோடு ஒட்டிக் கட்டப்பட்ட கராஜ் வெறும் மோட்டார்க் கொட்டகை அன்று. பலருக்கு அதுவே தச்சுப் பட்டறை, அதுவே பண்டசாலை, விருந்து நாட்களில் எண்ணெய்ச் சட்டி ஏறும் இரண்டாவது அடுப்படியும் அதுவே. ஆகவே, அங்கே ஒரு வாயுக் கணப்பைப் பொருத்திவிட்டால் மாரி முழுவதும் அவ்விடம் பயன்படுமே என்ற ஆசை எழுவது இயல்பு.

ஆயினும், நெருப்பை வைப்பதற்கு ஒரு வீட்டில் இதைவிட இக்கட்டான இடம் வேறில்லை. ஏன் என்பதை அறிய, அங்கே உலாவக்கூடிய மூன்று வாயுக்களின் குணங்களை அறிதல் வேண்டும்.

மூன்று வாயுக்கள், மூன்று குணங்கள்

முதலாவது, பெற்றோல் ஆவி. இது காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. ஆதலால் மேலெழாது, தண்ணீரைப்போல நிலத்தோடு நிலமாகப் பரவும். காரிலிருந்தோ, மூலையில் வைத்த தகரத்திலிருந்தோ கசியும் ஆவி, தரையில் எரியும் ஒரு சிறு சுடரைத் தேடிச் சென்று பற்றிக்கொள்ளும். இதனாலேயே, கராஜில் வைக்கும் கணப்பின் தீப்பற்றும் பகுதி தரையிலிருந்து குறைந்தது 18 அங்குல உயரத்தில் இருத்தல் வேண்டுமென வட அமெரிக்க விதிகள் கூறுகின்றன. பெரும்பாலான கணப்புகளைக் கூரையிலேயே தொங்கவிடுகின்றனர்; கார் மோதாதிருக்கவும் அது உதவுகிறது.

இரண்டாவது, எரிபொருளாகிய இயற்கை வாயு. பெரிதும் மெதேனால் ஆகிய இது காற்றிலும் இலேசானது. கசிந்தால் கூரையை நாடும். இதற்கு இயல்பில் மணமில்லை. 1937ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்து நியூ லண்டன் என்னும் ஊரில், பாடசாலையொன்றின் தரைக்கடியில் ஒருவருமறியாது தேங்கிய வாயு வெடித்துச் சற்றேறக்குறைய முந்நூறு பேர், பெரும்பாலும் மாணவர், மாண்டனர். அதன் பின்னரே வாயுவுக்குக் கெட்ட நாற்றமுள்ள பொருளைக் கலக்கும் விதி பிறந்தது. இன்று அந்த நாற்றம் வீசினால் மின்விளக்கின் ஆளியைத் தொடாது எல்லோரும் வெளியேறி, வெளியில் நின்றே உதவிக்கு அழைத்தல் வேண்டும்.

மூன்றாவது, காபனோரொட்சைட்டு. எரிபொருள் அரைகுறையாய் எரியுமிடத்துப் பிறக்கும் இந்நஞ்சு காற்றோடு ஏறத்தாழ ஒத்த நிறையுடையது. மேலேயும் நில்லாது, கீழேயும் நில்லாது, வீடெங்கும் கலந்துவிடும். நிறமில்லை, மணமுமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபின், ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேலான வேட்கையோடு இதனைப் பற்றிக்கொள்வதால், மூச்சு நடந்துகொண்டிருக்கவே உடல் ஒட்சிசனுக்கு ஏங்கி மடியும். தலையிடியும் குமட்டலும் வீட்டிலுள்ள பலருக்கும் ஒருங்கே தோன்றி, வெளியே போனதும் தணியுமாயின், ஐயுற வேண்டியது இதனையே. 2008ஆம் ஆண்டில் ஒன்ராறியோ மாகாணத்து வூட்ஸ்ரொக் நகரில், வாயுக் கணப்பொன்றின் புகைபோக்கி அடைபட்டதால் பெற்றோரும் பிள்ளைகள் இருவருமாக ஒரு குடும்பமே அழிந்தது. வீடுகளில் இந்நஞ்சை உணர்த்தும் அபாய மணி இருத்தல் வேண்டுமென்ற சட்டம் 2013இல் அம்மாகாணத்தில் நிறைவேறியது.

நல்ல கணப்பு எது?

நல்ல கணப்பின் தொழில் வெறுமனே சூடேற்றுவதன்று. இம்மூன்றையும் ஒன்றோடொன்று சேரவிடாது பிரித்து வைப்பதுமாகும். மூடிய எரியறை கொண்ட கணப்பில் ஒரு குழாய் வெளியிலிருந்து காற்றை இழுக்கும். மற்றொன்று புகையை வெளியேற்றும். சுடர் உருக்குக் குழாய்களுக்குள்ளேயே எரிய, விசிறி அக்குழாய்களின் புறத்தே காற்றை ஓட்டிச் சூட்டைப் பரப்பும். கராஜின் காற்றும் சுடரும் சந்திப்பதில்லை.

இதற்கு மாறாகப் புகைபோக்கியே இல்லாத மலிவுக் கணப்புகளும் கடைகளில் உண்டு. அவை அறையின் ஒட்சிசனை உண்டு, கழிவை அங்கேயே கக்குவன. ஒரு கனமீற்றர் இயற்கை வாயு எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரை லீற்றர் நீர் ஆவியாகப் பிறக்கும். குளிர்ந்த சுவரில் அது வியர்த்து, ஆயுதங்களைத் துருவேற்றி மரத்தைப் பூஞ்சணம் பிடிக்கச் செய்யும். பொருளுக்கு வரும் கேடு இது. உயிருக்கு வரும் கேட்டை மேலே கண்டோம்.

கைத்திறன் மிக்கவர்க்கு இதனைத் தாமே பொருத்திவிடலாமென்று தோன்றலாம். ஒன்ராறியோவில் சட்டம் அதற்கு இடந்தருவதில்லை. வாயு வேலைக்கு உரிமம் பெற்ற தொழிலாளரே வருதல் வேண்டும். வீட்டுக்காரர் செய்யத்தக்க வேலைகளும் இல்லாமலில்லை. சுவர்களுக்கும் கதவுக்கும் குளிர்காப்பு இடுதல் முதல் வேலை. அதுவின்றேல் எவ்வளவு பெரிய கணப்பும் தெருவையே சூடாக்கும். வெளிக்குழாயின் வாயைப் பனி மூடாது பார்த்தல், பெற்றோலையும் வர்ணத் தகரங்களையும் வேறிடத்தில் வைத்தல், உறங்கும் அறைக்கு அருகே அபாய மணி பொருத்துதல், ஆண்டுக்கொருமுறை கணப்பைச் சோதிப்பித்தல் ஆகியனவும் அவர் கடனே. கராஜுக்குள் காரை இயக்கிச் சூடேற்றும் பழக்கத்தை அடியோடு விடவும் வேண்டும்.

கனடாவிலுள்ள பிள்ளைகளோடு பேசும்போது, "கராஜில் கணப்புப் போட்டாயிற்றா?" என்று கேட்கும் பெற்றோர், "அபாய மணி வேலை செய்கிறதா?" என்றும் சேர்த்துக் கேட்பாராக. நெருப்புக்குத் தனிக் காற்றும் புகைக்குத் தனி வழியும் அமைந்த இடத்தில்தான் மனிதர் அச்சமின்றிக் குளிர்காயலாம்.