ஊர்க்கொடைக்கு முன்னால் ஒரு மாத்திரை

மாதவிலக்கைத் தள்ளிப்போடும் பெண்கள் கவனிக்க வேண்டியவை

மே மாதம் ஊருக்குப் போக வேண்டும் என்றால் மார்ச் மாதமே ரயில் டிக்கெட் எடுத்துவிட வேண்டும். ரயில் புறப்படும் நாளுக்கு 60 நாள் முன்னதாக முன்பதிவு தொடங்குகிறது. 2024 நவம்பருக்கு முன் இது 120 நாளாக இருந்தது. கோடை விடுமுறை சமயத்தில் கவுண்ட்டர் திறந்த கொஞ்ச நேரத்திலேயே நாகர்கோவில் எக்ஸ்பிரசில் ஸ்லீப்பர் இடங்கள் தீர்ந்துவிடும். அப்புறம் வெயிட்டிங் லிஸ்ட்தான்.

ஆகவே மும்பைத் தமிழர் வீடுகளில் எல்லாத் தேதியும் முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது. கம்பெனியில் லீவு கேட்கும் தேதி, ஊரில் கால்நாட்டும் தேதி, கொடை நடக்கும் தேதி, திரும்பும் தேதி எல்லாம் காலண்டரில் வட்டம் போட்டாகிவிட்டது. ஒரு தேதிக்கு மட்டும் யாரும் முன்பதிவு செய்ய முடியாது. அது வீட்டுப் பெண்ணின் மாதவிலக்குத் தேதி.

வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போகிறாள். மாவிளக்கு எடுக்க வேண்டும், பொங்கல் வைக்க வேண்டும். கொடை அன்று ‘வீட்டுக்கு விலக்கு’ என்று ஓரமாக உட்கார்ந்துவிட்டால், ஆயிரம் மைல் போய்ப் பயன் என்ன? இரண்டு இரவும் ஒரு பகலும் ரயிலில். தண்ணீர் தீர்ந்துபோன கழிவறை. எதிர் சீட்டில் முன்பின் தெரியாத ஆண்கள். அதை நினைத்தாலே பெண்களுக்குக் கலக்கம் வந்துவிடும்.

இதற்குத்தான் அந்த மாத்திரை.

கணவன் கையில் துண்டுச் சீட்டு

முன்பெல்லாம் வெறும் வயிற்றில் பொட்டுக்கடலை தின்னச் சொல்வார்கள். எலுமிச்சம்பழச் சாறு குடிக்கச் சொல்வார்கள். அதனால் தள்ளிப்போனது என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. தள்ளிப்போனவர்கள் சொன்னார்கள், போகாதவர்கள் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இப்போது தாராவியிலும் சரி, ஆன்டாப்ஹில், முலுண்டு, டோம்பிவிலி பக்கமும் சரி, பெண்களுக்கு மாத்திரையின் பெயரே தெரிந்திருக்கிறது. ஆனால் கடைக்குப் போய்க் கேட்க வெட்கம். கடைக்காரர் தெரிந்த தமிழர் என்றால் வெட்கம் இன்னும் அதிகம். “அண்ணாச்சி” என்று கூப்பிட்டுப் பழகியவரிடம் இதை எப்படிக் கேட்பது? ஆகவே மாத்திரையின் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கணவனிடம் கொடுத்து அனுப்புகிறார்கள். அவரும் இரண்டு தெரு தள்ளி உள்ள கடையில், வேறு ஆள் வராத நேரம் பார்த்து வாங்கி, பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்.

இந்த மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. அட்டையிலேயே சிவப்புக் கோடு போட்டு எச்சரிக்கை அச்சிட்டிருப்பார்கள். ஆனாலும் பல கடைகளில் சீட்டு கேட்பதில்லை. “எத்தனை வேண்டும்?” என்ற ஒரே கேள்விதான்.

கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. அவற்றுக்குப் பதில் கணவனுக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது. வீட்டில் இருக்கிற அந்தப் பெண்ணுக்கு மட்டும்தான் தெரியும். அவளைத்தான் யாரும் கேட்கவில்லை.

கிழங்கில் இருந்து வந்த மருந்து

மருந்தின் பெயர் நோரெத்திஸ்டிரோன். பல கம்பெனிகள் பல பெயர்களில் விற்கின்றன. இது பிறந்த கதை சுவையானது. மெக்ஸிகோ நாட்டில் காட்டில் விளையும் ஒருவகை வள்ளிக்கிழங்கில் இருந்து ஹார்மோன்களுக்கு மூலப்பொருள் எடுக்கலாம் என்று 1940-களில் கண்டுபிடித்தார்கள். அந்த வழியில் ஆராய்ச்சி செய்த சின்டெக்ஸ் என்ற கம்பெனியில், 1951 அக்டோபரில் லூயி மிராமோன்டெஸ் என்ற இளைஞர் இந்த மருந்தைத் தயாரித்து முடித்தார். கார்ல் ஜெராசியும் ஜார்ஜ் ரோசன்கிரான்சும் அவருக்கு வழிகாட்டியவர்கள். பிற்பாடு கர்ப்பத்தடை மாத்திரைக்கும் இதுவே ஒரு அடிப்படையாயிற்று.

மாத்திரை வேலை செய்யும் விதம் புரியாத ரகசியம் அல்ல. பெண்ணின் கர்ப்பப்பையின் உட்பக்கம் மாதந்தோறும் ஒரு மெல்லிய படலம் வளருகிறது. புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் அதைத் தாங்கிப் பிடித்து நிறுத்துகிறது. கரு தங்காவிட்டால் அந்த ஹார்மோன் குறைந்துபோகும். பிடிமானம் இழந்த படலம் உதிர்ந்து ரத்தத்தோடு வெளியே வரும். அதுதான் மாதவிலக்கு. அந்த ஹார்மோனைப் போன்ற மருந்தை வெளியில் இருந்து கொடுத்துக்கொண்டே இருந்தால், படலம் உதிராமல் நிற்கும். மாத்திரையை நிறுத்தினால் உதிரும்.

அதாவது மாத்திரை தேதியைத் தள்ளிவைக்கிறது. ரத்துச் செய்வதில்லை.

தேதிக் கணக்கு

டாக்டர்கள் வழக்கமாக எழுதித் தருவது 5 மில்லிகிராம் மாத்திரை, நாளைக்கு மூன்று வேளை. விலக்கு வர வேண்டிய தேதிக்கு மூன்று நாள் முன்பே தொடங்க வேண்டும். நிறுத்திய இரண்டு, மூன்று நாளில் விலக்கு வந்துவிடும். ரத்தம் படத் தொடங்கிய பிறகு ஓடிப்போய் வாங்கிப் போட்டால் பலன் கிடையாது. இரண்டொரு வேளை மறந்துவிட்டால் நடுவிலேயே ரத்தம் படலாம்.

இந்தக் கணக்கில்தான் பலர் தவறுகிறார்கள். ஓர் உதாரணம் பார்க்கலாம். ஒரு பெண்ணுக்கு 12-ஆம் தேதி விலக்கு வர வேண்டும். 10-ஆம் தேதி இரவு மும்பையில் ரயில் ஏறுகிறாள். 14, 15 தேதிகளில் கொடை. 18-ஆம் தேதி திரும்பும் ரயில். 9-ஆம் தேதி மாத்திரை தொடங்குகிறாள். கொடை நல்லபடியாக முடிகிறது. 15-ஆம் தேதி இரவோடு மாத்திரையை நிறுத்துகிறாள்.

17 அல்லது 18-ஆம் தேதி விலக்கு வரும். போகும் பயணத்தில் எதற்குப் பயந்தாளோ, அது திரும்பும் ரயிலில் வந்து நிற்கிறது. சிலருக்கு வழக்கத்தைவிட அதிகமாகவும் போகும்.

“அப்படியானால் மும்பை வந்து சேரும் வரை போட்டுக்கொள்கிறேன்” என்று தோன்றும். அப்போது 20-ஆம் தேதி வரை 12 நாள், 36 மாத்திரை ஆகிவிடும். பொதுவாக இதை பத்து நாள், மிஞ்சினால் இரண்டு வாரம் என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறார்கள். எத்தனை நாள் என்பதைத் தானாக நீட்டிக்கொண்டு போகக்கூடாது. திரும்பும் தேதியையும் சேர்த்துச் சொல்லித்தான் டாக்டரிடம் கணக்குக் கேட்க வேண்டும்.

மாதம் ஒழுங்காக வராத பெண்களுக்கு இந்தக் கணக்கே இடிக்கும். வயதுக்கு வந்து ஓரிரு வருஷமே ஆன பெண்களுக்குத் தேதி முன்பின்னாகத்தான் இருக்கும். பாட்டி சொன்னாள், அத்தை சொன்னாள் என்று அந்தப் பிள்ளையைக் கேட்காமலேயே மாத்திரையைக் கையில் கொடுத்து விழுங்கச் சொல்வது பல வீடுகளில் நடக்கிறது. அவளுக்கு வேண்டுமா, வேண்டாமா என்று ஒரு வார்த்தை கேட்டால் குறைந்தா போகும்?

ரயிலும் மாத்திரையும்

பெரும்பாலான பெண்களுக்கு இந்த மாத்திரையால் பெரிய தொந்தரவு வருவதில்லை. குமட்டல், வயிறு உப்பிசம், மார்பில் வலி, தலைவலி, காரணம் இல்லாத எரிச்சல் போன்றவை வரலாம். நிறுத்தினால் சரியாகிவிடும்.

பயப்பட வேண்டியது அபூர்வமான ஒன்றுக்கு. அதுதான் ரத்தம் உறைதல்.

நோரெத்திஸ்டிரோன் வெறும் புரொஜெஸ்டிரோன் மாதிரி மட்டும் நடந்துகொள்வதில்லை. உடலுக்குள் போனதும் அதில் ஒரு சிறு பங்கு எத்தினைல் ஈஸ்ட்ரடயால் என்ற இன்னொரு ஹார்மோனாக மாறுகிறது. இதே ஹார்மோன்தான் சாதாரணக் கர்ப்பத்தடை மாத்திரையிலும் இருக்கிறது. ரத்தத்தை எளிதில் உறையச் செய்யும் குணம் அதற்கு உண்டு. தள்ளிப்போட நாளைக்கு 15 மில்லிகிராம் சாப்பிடும்போது, ஏறக்குறைய ஒரு கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிட்ட அளவுக்கு அது உடலில் சேரலாம்.

இதோடு ரயில் பயணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2007-ல் ஓர் ஆய்வின் முடிவை வெளியிட்டது. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால், காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்றது. விமானம் மட்டும் அல்ல. ரயில், பஸ், கார் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஆரோக்கியமானவர்களுக்கு அப்போதும் அந்த வாய்ப்பு மிகக் குறைவு, ஏறக்குறைய 6000 பேரில் ஒருவர்தான் என்றும் அதே ஆய்வு சொன்னது. ஆனால் உடம்பில் வேறு காரணங்களும் இருந்தால் கதை மாறிவிடும்.

நம் ஊர் ரயிலில் நான்கு மணி நேரம் என்பது புனே தாண்டுவதற்குள் ஆகிவிடும். பகல் முழுக்க நடு பர்த்தை இறக்கிவிட்டு, ஒரு சீட்டில் ஐந்து பேர் நெருக்கிக்கொண்டு, காலுக்கடியில் மூட்டையை வைத்துக்கொண்டு வருகிறோம். பெண்கள் கழிவறைக்குப் போக அஞ்சித் தண்ணீரே குடிப்பதில்லை. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தண்ணீர் குடிக்க வேண்டும். மணிக்கொரு தரம் எழுந்து பெட்டிக்குள்ளேயே நாலடி நடக்க வேண்டும். உட்கார்ந்த இடத்திலேயே கணுக்காலை மேலும் கீழும் ஆட்டினாலும் நல்லது.

ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைக்கால் வலித்தால், மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலியோ பார்வை மங்கலோ வந்தால், மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். “கொடை முடியட்டும்” என்று பொறுக்கக்கூடாது. ரயிலிலேயே என்றால் 139-க்குப் போன் செய்தால் அடுத்த பெரிய ஸ்டேஷனில் மருத்துவ உதவி கிடைக்கச் செய்வார்கள்.

யார் யாருக்கு ஆகாது?

முன்பு எப்போதாவது ரத்தம் உறைந்தவர்கள், பக்கவாதமோ மாரடைப்போ வந்தவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், கர்ப்பமாக இருந்தபோது மஞ்சள் காமாலை வந்தவர்கள், மார்பகப் புற்றுநோய் கண்டவர்கள், காரணம் தெரியாமல் நடுநடுவே ரத்தம் படுகிறவர்கள் இதைத் தொடக்கூடாது. ஒற்றைத் தலைவலிக்காரர்கள், உடல் பருமன் அதிகம் உள்ளவர்கள், தாய் தகப்பனுக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்கள் டாக்டரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும். அவர்களுக்கு வேறு மாத்திரையை அவர் எழுதித் தரக்கூடும். வேண்டாம் என்றும் சொல்லக்கூடும்.

கர்ப்பம் இல்லை என்பது நிச்சயமாகத் தெரிய வேண்டும். “தள்ளிப்போகிறது, மாத்திரை வேலை செய்கிறது” என்று நினைத்திருந்துவிட்டு, பிற்பாடு கர்ப்பம் என்று தெரிய வந்தால் தர்மசங்கடம். இந்த விதமாகச் சாப்பிடும்போது இது கர்ப்பத்தடையாகவும் பயன்படாது.

மும்பையில் முக்கியமாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் மருந்து இந்த மாத்திரையின் வேகத்தைக் குறைத்துவிடும். சில வலிப்பு மாத்திரைகளும் அப்படியே. சால்களிலும் நெருக்கமான தெருக்களிலும் காசநோய் மருந்து சாப்பிடும் பெண்கள் எத்தனையோ பேர். மாமியாருக்குக்கூடத் தெரியாமல் சாப்பிடுகிறவர்களும் உண்டு. அவர்கள் டாக்டரிடமாவது மறைக்கக்கூடாது.

ஏற்கெனவே மாலா-என் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தப் புதிய மாத்திரை தேவைப்படாமலே போகலாம். அந்த அட்டையில் 21 ஹார்மோன் மாத்திரை, 7 இரும்புச்சத்து மாத்திரை. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடும் வாரத்தில்தான் விலக்கு வருகிறது. அந்த ஏழையும் விட்டுவிட்டு அடுத்த அட்டையைத் தொடங்கினால் விலக்கு தள்ளிப்போகும். இதையும் நர்ஸிடமோ டாக்டரிடமோ கேட்டுக்கொண்டு செய்வது நல்லது.

எல்லாக் கோயிலிலும் இந்தப் பிரச்சினை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மேல்மருவத்தூருக்கு இருமுடி கட்டிப் போகும் செவ்வாடைப் பெண்களுக்கு இந்த மாத்திரை தேவைப்படுவதில்லை. அங்கே மாதவிலக்கு தடையாகாது. ஊர் அம்மன் கொடையில் வழக்கம் வேறு. அதை மீற மனம் வராத பெண்களுக்கு அது அவர்கள் விருப்பம். கல்யாணம், பரீட்சை, விளையாட்டுப் போட்டி என்று வேறு காரணங்களுக்காகக் கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

எங்கே போவது?

தாராவிக்காரர்கள் ‘சோட்டா சயான்’ என்று சொல்லும் நகர சுகாதார மையத்துக்கும், சயான் ஆஸ்பத்திரியின் பெண்கள் பிரிவுக்கும் போகலாம். மற்ற இடங்களில் மாநகராட்சி மருந்தகங்கள் இருக்கின்றன. பிரசவம் பார்த்த டாக்டர் பக்கத்தில் இருந்தால் அவரே போதும். பழைய விவரம் அவரிடம் இருக்கும். புறப்படுவதற்கு முந்தின நாள் ஓடக்கூடாது. இரண்டு, மூன்று வாரம் முன்னதாகப் போனால், ரத்த அழுத்தம் பார்க்கவும், வேண்டிய கேள்விகளைக் கேட்கவும் அவருக்கு நேரம் இருக்கும்.

போகும்போது கடந்த மூன்று மாத விலக்குத் தேதிகளைக் குறித்து எடுத்துப் போக வேண்டும். இப்போது சாப்பிடும் மருந்துகளின் அட்டைகளையும் பையில் போட்டுக்கொள்ளலாம். கூடவே ரயில் டிக்கெட்டையும் காட்டலாம். போகும் தேதியும் திரும்பும் தேதியும் அதிலேயே இருக்கின்றன.